நகையை அடகு வைக்கும் முன் மகளின் கண்ணைக் காட்டுங்கள்

கடிதத்தின் சுருக்கம்:

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து 32 வயதுச் சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 39. சொந்தத் தாய்மாமன். வடகடலில் (பாக் விரிகுடாவில்) நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போகிறவர். சின்ன வயதிலிருந்தே மாலைக்கண். அம்மாச்சி சுறா எண்ணெய் கொடுத்துப் பார்த்தும் குணமாகவில்லை. நாலைந்து வருடமாகப் பகலிலும் பக்கவாட்டில் வரும் ஆள் தெரிவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் மதுரையில் காட்டியபோது 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' (விழித்திரைச் செல்கள் மெல்ல மடியும் நோய்) என்றிருக்கிறார்கள். "இதற்கு மருந்து கிடையாது" என்ற ஒரு வார்த்தையோடு ஊர் திரும்பியவர்கள் அதன்பின் எந்தக் கண் மருத்துவரிடமும் போகவில்லை. போன மாதம் விடிவதற்கு முன் கடலில் விட்ட வலையை இழுத்து வாங்கும்போது நங்கூரக் கயிற்றில் கால் தடுக்கிக் கடலில் விழுந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மச்சான் பிடித்துத் தூக்கியிருக்கிறார். தன் நோயை இன்றுவரை படகில் யாரிடமும் அவர் சொல்லவில்லை.

இதற்கிடையே கைபேசியில் ஒரு காணொளி. வெளியூரில் ஒரு மையம் இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறி வளரக்கூடிய மூலச்செல்) எடுத்துக் கண்ணில் ஊசியாகப் போட்டால் ஆறு மாதத்தில் பார்வை திரும்பும் என்கிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 4 லட்சம் ரூபாய். முன்பதிவுக்கு 20,000 கட்டியாகிவிட்டது. மீதிக்கு 15 பவுன் நகையை அடகு வைக்கப்போகிறார். "தொண்டியில் எங்கள் உறவுக்காரப் பையனுக்கு ஸ்டெம் செல் வைத்துத்தான் கண் தெரிந்தது, ஆகையால் பொய்யாக இருக்காது" என்கிறார். கண் போர்டில் கீழ்வரி வரைக்கும் படிப்பதால் மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்காது என்று யாரோ சொன்னார்களாம். உப்புக்காற்றும் வெயிலும்தான் கண்ணைக் கெடுத்தது என்பது மாமியாராகவும் இருக்கும் அம்மாச்சியின் கணிப்பு. கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: பத்து வயது மகள் சாயங்காலம் டியூஷனுக்குப் போக டார்ச் கேட்கிறாள், பயந்த பிள்ளை.

நகையை வைக்கலாமா, இதை விட்டால் முழுக் குருடாகிவிடுவாரா, பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வைக்க வேண்டாம். அந்த ஊசியைப் போடவும் வேண்டாம். பணம் போய்விடுமே என்பது இரண்டாவது கவலைதான். உங்கள் கணவருக்கு இன்று மிச்சம் இருக்கும் பார்வை அந்த ஊசியால் போய்விடக்கூடும். அதுதான் என் முதல் கவலை.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் வெளிச்சத்தை வாங்குகின்றன. மங்கிய ஒளிக்கும் பக்கவாட்டுப் பார்வைக்கும் கோல் செல்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 12 கோடி. பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூர்மையான நடுப்பார்வைக்கும் கூம்பு செல்கள். அவை சுமார் 60 லட்சம். உங்கள் கணவருக்கு வந்திருக்கும் நோயில் முதலில் கோல் செல்கள் மடிகின்றன. ஆகவே இருட்டில் தெரிவதில்லை, பிறகு ஓரம் சுருங்குகிறது. நடுப்பகுதி கடைசியில்தான் பாதிக்கப்படும். எதிரில் இருக்கும் எழுத்தைப் படிக்கிறவர் காலடியில் கிடக்கும் கயிற்றைப் பார்க்காமல் விழுந்தது இதனால்தான். "எழுத்தெல்லாம் படிக்கிறார், இது மட்டும் ஏன் தெரியவில்லை" என்று வீட்டில் யாராவது கோபப்பட்டிருந்தால், இனி வேண்டாம்.

இது பிறப்பிலேயே வரும் மரபணுப் பழுது. உப்புக்காற்று காரணமில்லை, வெயில் காரணமில்லை, அவர் செய்த எதுவும் காரணமில்லை. அம்மாச்சி சுறா எண்ணெய் கொடுத்ததையும் நான் குறை சொல்ல மாட்டேன். மீனின் ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ நிறைய உண்டு. அந்தச் சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது நல்ல மருந்துதான். உங்கள் கணவருக்கு வந்தது அந்த மாலைக்கண் இல்லை. இப்போது யாராவது வைட்டமின் ஏ மாத்திரையை அதிக அளவில் சாப்பிடச் சொன்னால் கேட்காதீர்கள். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும், கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும், சில வகை மரபணுப் பழுதுகளில் விழித்திரைக்கே கெடுதல்.

தொண்டிப் பையனுக்கு நடந்தது என்ன

பையனுக்குப் பார்வை வந்தது உண்மையாகவே இருக்கும். அவனுக்குக் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு, அமிலம் போன்றவை பட்டால் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்து, கண்ணின் முன்பக்கக் கண்ணாடி மங்கிவிடுகிறது. நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து துளியூண்டு திசு எடுத்துப் பாதித்த கண்ணில் வைத்தால் அது பரவி வளர்ந்து கண்ணாடியைத் தெளிய வைக்கும். நம் நாட்டிலேயே, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்து மருத்துவர்கள் 2012-இல் இதற்கு எளிமையான ஒரு முறையை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளில் அதைச் செய்கிறார்கள். மனசார மெச்சவேண்டிய வேலை.

ஆனால் அது கண்ணின் முன்பக்கத் தோல் போன்ற ஒரு படலம். உங்கள் கணவருக்குக் கெட்டிருப்பது பின்பக்க விழித்திரை, அதாவது மூளையின் நீட்சியான நரம்புத் திசு. இங்கே செல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு வேலை முடியாது. நண்டு வலையில் ஒரு பக்கம் அறுந்துபோனால் அங்கே நூலை அள்ளிப் போட்டால் வலை ஆகாது அல்லவா? ஒவ்வொரு நூலும் பக்கத்துக் கண்ணியோடு முடிச்சு விழ வேண்டும். புதுச் செல் உயிரோடு தங்கவேண்டும், கோல் செல்லாகவோ கூம்பு செல்லாகவோ மாற வேண்டும், அடுத்த நரம்போடு இணைய வேண்டும். அந்த முடிச்சுதான் உலகம் முழுக்க இன்னும் கைகூடாத இடம். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் செல் இரத்தம் உண்டாக்குவதற்கானது. அதைக் கண்ணுக்குள் செலுத்தியதும் தானாக விழித்திரையாகிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நேர்மையான ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் 2014 செப்டம்பரில் மசாயோ தகஹாஷி என்ற கண் மருத்துவரின் குழு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு, அவருடைய தோல் செல்லிலிருந்தே விழித்திரையின் அடிப்படலத்தை வளர்த்து ஒரே ஒரு கண்ணில் வைத்தது. அவருக்கு இருந்தது முதுமையில் வரும் வேறொரு விழித்திரை நோய். ஒட்டிய படலம் தங்கியது, பார்வை மேலும் மோசமாகாமல் நின்றது, ஆனால் கூடவில்லை. அதை அப்படியே வெளியில் சொன்னார்கள். உலகின் மிகச் சிறந்த ஆய்வுக்கூடங்களில் ஒன்று இவ்வளவுதான் சொல்லிக்கொண்டது. நீங்கள் பார்த்த காணொளியோ ஆறு மாதத்தில் பார்வை திரும்பும் என்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மையத்தில் மூன்று பெண்கள், ஆளுக்கு 5,000 டாலர் கட்டி, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டுக்கொண்டார்கள். சில நாள்களிலேயே கண்ணுக்குள் இரத்தக்கசிவு, விழித்திரை பிய்தல். மூவருக்கும் பார்வை பெருமளவு போய்விட்டது. 2017-இல் மருத்துவ இதழில் வந்த விவரம் இது. ஊசிக்கு முன் அவர்களில் சிலருக்கு நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது. உங்களிடமும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே விலை பேசியிருக்கிறார்கள் என்று படித்ததும் இதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பரிசோதனையில் இருக்கும் எதையும் பொறுப்புள்ள மருத்துவர் இரண்டு கண்ணிலும் ஒரே நேரத்தில் செய்ய மாட்டார்.

யாரை நம்பலாம்

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, விழித்திரை நோய்க்கு ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகத் தர அனுமதி இல்லை. முறையாக அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே தரலாம். அந்த ஆய்வில் சேருகிறவரிடம் மருந்துக்குப் பணம் வாங்கக் கூடாது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன.

ஆகவே அந்த மையத்திடம் இவற்றைக் கேளுங்கள்: இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன? எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வரலாமா? கெட்டுப்போனால் யார் பொறுப்பு? பதிவு எண் கொடுத்தாலும் அதோடு திருப்தி அடைய வேண்டாம். பதிவு என்பது அரசு உத்தரவாதம் அல்ல. எண்ணையும் காட்டி, பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டிய 20,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ரசீதும் அவர்கள் அனுப்பிய செய்திகளும் பத்திரமாக இருக்கட்டும். தர மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். ராமநாதபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

நம்பிக்கையையே விட்டுவிடச் சொல்கிறேனா என்றால், இல்லை. விழித்திரையின் ஒளி உணரும் செல்களை வளர்த்து வைக்கும் முயற்சிகள் வெளிநாடுகளில் மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கின்றன. மரபணு சிகிச்சை ஒன்று ஏற்கெனவே வந்தேவிட்டது. ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும், 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. 2018-இல் அங்கே அதற்கு அறிவித்த விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். நமக்கு எட்டாத விலை. ஆனால் வழி திறந்திருக்கிறது. இந்த நோய்க்குக் காரணமான மரபணுக்கள் 80-க்கும் மேல். உங்கள் கணவருக்குப் பழுதானது எது என்று தெரிந்தால்தான் நாளை வரும் எந்தச் சிகிச்சை அவருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும். இதில் ஒரு முக்கியமான விஷயம்: நாளை ஒரு நல்ல ஆய்வு வரும்போது, முன்பே கண்ணில் ஏதோ செல் ஊசி போட்டுக்கொண்டவரைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். இன்று அவசரப்பட்டுப் போடும் ஊசி அந்தக் கதவையும் சாத்திவிடும்.

மகளின் கண்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்தது அந்த டார்ச் வரிதான். வெறும் பயமாக இருக்கலாம், கிட்டப்பார்வையாக இருக்கலாம், சத்துக் குறைவாகவும் இருக்கலாம். இந்த மூன்றும் சரிசெய்யக்கூடியவை. அப்பாவின் நோயாகவும் இருக்கலாம். எதுவானாலும் இந்த மாதமே அவளை விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய்மாமனைக் கட்டியதைப் பற்றிக் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற முறை அது, நீங்கள் மட்டும் செய்த தவறு அல்ல. கணக்கை மட்டும் நேராகச் சொல்கிறேன். உங்கள் கணவருடைய பெற்றோருக்கு நோய் இல்லை, அவர்களும் அத்தை பிள்ளை மாமன் பிள்ளை என்று எழுதியிருப்பதால், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் வரும் வகையாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் நோயில்லாத உங்கள் தாயார் ஒரு பழுதான பிரதியைச் சுமந்திருக்க வாய்ப்பு மூன்றில் இரண்டு. உங்களிடம் அது இருக்க மூன்றில் ஒன்று. உங்களிடம் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு நோய் வராது. இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. கணவரின் இரத்தத்தில் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்ப்பது சுலபம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் இதற்கான மரபியல் ஆலோசனை உண்டு. செலவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மகனுக்கு இப்போது தொந்தரவு இல்லை என்றாலும் அவனையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

மருந்து இல்லை என்றாலும் மருத்துவர் வேண்டும்

மூன்று வருடம் கண் மருத்துவரிடம் போகாமல் இருந்தது எனக்கு வருத்தம். உங்கள் மேல் கோபமில்லை. "மருந்து இல்லை" என்று சொன்னவர் அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும். அடிப்படையான விழித்திரை நோய்க்குத்தான் மருந்து இல்லை. அதோடு கூட வரும் இரண்டுக்கு உண்டு. ஒன்று, இந்த நோயாளிகளுக்கு இளம் வயதிலேயே வரும் கண்புரை. அறுவை செய்தால் நடுப்பார்வை தெளியும். இன்னொன்று, விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்குவது. சொட்டு மருந்தாலோ மாத்திரையாலோ பலருக்குக் குறையும். ஓ.சி.டி. என்ற படம் எடுத்தால் வீக்கம் தெரிந்துவிடும், வலியே கிடையாது. காது மந்தம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயின் ஒரு வகையில் காதும் சேர்ந்து பாதிக்கும்.

முழுக் குருடாகிவிடுவாரா என்ற கேள்விக்கு யாரும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. இது மெதுவாக நகரும் நோய். ஐம்பது வயதைத் தாண்டியும் நடுப்பார்வை ஓரளவு தங்குகிறவர்கள் பலர். வெளிச்சம்கூடத் தெரியாத நிலைக்குப் போகிறவர்கள் குறைவு. இரண்டு வாரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் காலம் கடந்துவிடும் என்று அந்த மையம் சொல்வது வெறும் அவசரப்படுத்தல்.

அட்டை கிடைக்கும்

போர்டில் எழுத்துப் படித்தால் அட்டை இல்லை என்பது தவறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எழுத்துப் படிப்பதை மட்டும் அளக்கவில்லை, பார்வைப்புலத்தையும், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதையும் அளக்கிறது. நல்ல கண்ணின் புலம் 40 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை, 10 பாகைக்கும் கீழே என்றால் பார்வையின்மை. இந்தப் பரிசோதனைக்குத் தலையை ஓர் அரைக்கோளத்துக்குள் வைத்து, மினுக்கும் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அந்தத் தாளை வாங்கி, அளவைப் பாகையில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அதோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அரசு மருத்துவக் குழு போர்டை மட்டும் காட்டி அனுப்பப் பார்த்தால், பணிவாக, விடாமல், இந்தத் தாளை நீட்டுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சலுகைகளுக்கு வழி உண்டு. மறுத்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள்.

கடலுக்குப் போவது

இதைத்தான் அவரிடம் பேசுவது கடினம் என்று எனக்குத் தெரியும். இருட்டில் வலை வாங்கப் போவதை அவர் நிறுத்த வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நண்டு வலையை அந்தியில் விட்டு விடியுமுன் வாங்குவதுதான் வழக்கம் என்பதால், அந்தத் தொழிலிலேயே அவருக்கு ஆபத்து அதிகம். இலங்கை எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடல் அது. இரவில் விழுந்தால் தேடுவதும் லேசில்லை. பகலில், கரையோரமாக, உயிர்காப்பு அங்கி போட்டு, நோய் தெரிந்த ஆள்களோடு போகலாம். படகின் விளிம்பிலும் நங்கூரக் கயிற்றிலும் வெள்ளையோ மஞ்சளோ பூசினால் நடுப்பார்வைக்குச் சட்டென்று படும். கண் கூச்சத்துக்கு ஆரஞ்சு நிறக் கண்ணாடி பலருக்கு உதவுகிறது. குறைபார்வைப் பிரிவில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், கடைத்தெருவில் வேண்டாம்.

மச்சானிடமாவது அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். கடலிலிருந்து தூக்கிப்போட்ட மனிதர், இவர் எதனால் விழுந்தார் என்று தெரிந்துகொள்ள உரிமை உள்ளவர். நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். அவரே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். வலை கட்டுவது, ஏலத்தில் நிற்பது, கணக்குப் பார்ப்பது என்று கரையில் அவருக்குத் தெரிந்த வேலைகள் இருக்கின்றன. கைபேசி திரையை வாசித்துக் காட்டும் வசதியையும் இரவில் வெள்ளைக்கோல் பிடித்து நடப்பதையும் பார்வை இருக்கும்போதே பழகிவிட்டால் பின்னால் சிரமம் குறையும். கோல் பிடிக்கக் கூச்சப்படுவார். மதுரையில் பயிற்சி தருகிறவர் முதல் தடவை பிடித்துக் காட்டட்டும், ஊர்த் தெருவில் தொடங்க வேண்டாம்.

15 பவுனில் ஒரு குண்டுமணி கூடக் குறையாமல் இதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

மதுரைக்குப் போகும்போது மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டுகள், அவருடைய பழைய கண்ணாடி, இருவர் பக்கத்து உறவில் யாருக்கெல்லாம் மாலைக்கண் என்று எழுதிய தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கண்ணை விரிக்கும் சொட்டு மருந்து போடுவார்கள். அவருக்கு அன்று முழுக்கக் கூசும், பஸ் ஏற ஒருவர் கைப்பிடிக்க வேண்டியிருக்கும். மகளுக்கும் போடுவார்கள், சில மணி நேரம் புத்தகம் படிக்க முடியாது, ஆகையால் அவளுக்குப் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள்.